பதில்: பவுன்சிங் பாலுக்குத் தமிழில் என்ன?

> சிங்-அலாங் கார்ட்டூனை (பார்ப்பவர்களும் சேர்ந்து பாடும் கார்ட்டூன்) ‘உடன்பாட்டுப் படம்’ எனலாமே?

எனலாம், ஆனால் படிப்பவர் ஏதோ இரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்ட சேதி என்று நினைத்துக்கொள்வார். ‘பின்பாட்டு’ம் சரிவராது, அது ஒருவர் பாடியதைப் பின்னால் வாங்கிப் பாடுவது. இங்கே கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்தானே பாடகர்?

பெயர் வைக்கும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். மாக்ஸ் ஃப்ளைஷரும் அவர் தம்பி டேவும் 1924-இல் நியூயார்க்கில் தொடங்கிய கார்ட்டூன் வரிசை. திரையில் பாட்டின் வரி வரும், அதன் மேல் ஒரு வெள்ளைப் பந்து சொல்லுக்குச் சொல் தாவும், கூட்டம் அதைப் பார்த்துப் பாடும். அந்தப் பந்துதான் பவுன்சிங் பால். 1926-இல் வந்த ஒன்றில் நாய் ஒன்று வாயைத் திறந்து ‘பந்தைப் பின்பற்றிப் பாடுங்கள்’ என்று பேசவே பேசியது, மிக்கி மவுஸின் ஒலிப்படமான ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு இரண்டு வருடம் முன்பே. அப்புறம் 1929 முதல் 1938 வரை ‘ஸ்கிரீன் சாங்ஸ்’ என்ற பெயரில் அதே பாணிப் படங்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பந்து வரைந்ததே இல்லை. ஒரு குச்சியின் நுனியில் பந்தை வைத்து, ஒருவர் கையாலேயே தாளத்துக்கு ஆட்டியதைப் படம்பிடித்தார்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும் பதியும் சுருள் என்பதால் குச்சி இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அந்தத் துள்ளலில் இருக்கும் மனுஷத்தனம் இன்றைய கரோக்கேயில் நிறம் மாறும் எழுத்துகளிடம் கிடையாது.

இயக்குநர் டேவுக்குக் கதை இரண்டாம்பட்சம், காட்சிக்கு ஒரு சிரிப்பாவது வேண்டும். அதனால் பந்தையும் சும்மா விடமாட்டார். ஒரு சுற்று பாடி முடித்ததும் பந்துக்குப் பதில் ஏதாவது ஒரு குட்டிப் பாத்திரம் வந்து எழுத்துகள் மேல் குதிக்கும், சில இடங்களில் சொல்லே அது குறிக்கும் பொருளாக மாறிவிடும். ஆக, இந்தப் படங்களில் பந்து வெறும் கருவி இல்லை, நடிகர்.

எனவே படத்துக்கு ‘பந்துப்பாட்டு’, வில்லுப்பாட்டு மாதிரி. சிலப்பதிகாரத்தில் பந்தடித்துப் பாடும் கந்துக வரி இருக்கிறதே, குழப்பாதா என்று கேட்பீர்கள். அங்கே பந்துக்காகப் பாட்டு, இங்கே பாட்டுக்காகப் பந்து, அவ்வளவுதான். பந்துக்கு ‘அசைப்பந்து’ என்றும் யோசித்தேன், அசைக்கு அசை இறங்குகிறதே என்று. ஆனால் ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கும். ‘துள்ளுபந்து’ போதும்.

சம்மதமென்றால் அப்படியே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். யாரும் நடுவில் ‘ப்’ போட்டுத் துள்ளுப்பந்து ஆக்கிவிடாதீர்கள், வினைத்தொகை.