உப்பு ஏற்றும் வண்டி, அடியெல்லாம் துரு: 5,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

வேப்பலோடை வண்டி:
வணக்கம். 2014 மாடல் மினி லாரி, சொந்த வண்டி. உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிறேன். போன வருசம் அடிச்சட்டமான சேசிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயின்ட்டும் அடித்தேன். ஆறே மாசத்தில் அப்பளம் மாதிரி உப்பி, தட்டினால் செதில் செதிலாகக் கொட்டுகிறது. இத்தனைக்கும் வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன். ஜனவரியில் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று. எங்கே தப்பு பண்ணினேன்?

பட்டறைக்காரன்:
அண்ணாச்சி, வாட்டர் சர்வீஸ் விடும் இடத்துத் தண்ணியை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

வேப்பலோடை வண்டி:
பார்த்தேன். நல்லாவே கரிக்குது. போர் தண்ணி.

பட்டறைக்காரன்:
அதுதான். உப்பை உப்புத்தண்ணியால் கழுவியிருக்கிறீர்கள். சேறு போயிருக்கும், உப்பு போகாது. துருக்குழிக்குள் தங்கிய உப்பு, பெயின்ட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போர் தண்ணியில் அழுக்கைப் போக்குங்கள், ஆனால் கடைசி அலசல் நல்ல தண்ணியில்தான். 200 லிட்டர் பேரல் ஒன்று போதும். சேசிஸ் சேனலின் உள்பக்கம், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர் இடுக்கு, பாடி கட்டை உட்காரும் இடம், இங்கெல்லாம் ஓஸை விட்டு மெதுவாக ஓடவிடுங்கள். துருவைச் சுரண்டிய பிறகு இன்னொரு தடவை அலசுங்கள். ரொம்பப் பேர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது அலசலைத்தான்.

வண்டிக்கு அடியில் போகும்போது சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள்.

லோடு தம்பி:
எங்க அப்பா பழைய என்ஜின் ஆயிலைத்தான் அடிப்பார். செலவே இல்லை. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் துருவும் உடனே போயிடும்.

பட்டறைக்காரன்:
தம்பி, ஆயில் தண்ணியைத் தள்ளும், உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ் ஊறிப்போகும், பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இது உப்பளத்துக்குள் போகிற வண்டி, சொட்டுவது நாம் சாப்பிடும் உப்பில் விழும். அதை யோசியுங்கள். ஆசிட்டோ, உப்பைப் போலவே துருவைத் தூண்டும் மிச்சத்தை இரும்பில் விட்டுப்போகும். ஸ்பிரிங் பிளேட்டில் பட்டால் லோடு ஏறும்போது விரிசல் விடலாம். தயவுசெய்து வேண்டாம்.

பெயின்டர்:
ரெட் ஆக்சைடு மட்டும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது. காசு குறைவென்றால் மேல் பெயின்ட்டில் மிச்சம் பிடியுங்கள், பிரைமரில் வேண்டாம். இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்கி, சேனல், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், வெல்டிங் ஓரம், பின் அச்சை மூடிய ஹவுசிங் ஆகியவற்றுக்கு இரண்டு கோட் கொடுங்கள். கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். சுரண்ட முடியாத குழிகளுக்கு மட்டும் துருவைக் கெட்டிப்பட்ட படலமாக மாற்றும், பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர். கிரீஸ் இருக்கும் இடத்தை முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத்தண்ணி விட வேண்டும். மழை பிடிப்பதற்குள், நல்ல வெயில் ஏறின பிறகு அடியுங்கள். காலைப் பனியில் இரும்பு வியர்த்திருக்கும்.

பிரேக் ஓஸ், கிரீஸ் நிப்பிள், ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதர், எர்த் ஒயர் போல்ட் ஆகியவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். ஸ்பிரிங் பிளேட்டுக்கு நடுவே பெயின்ட் கூடாது, கிராபைட் கிரீஸ்தான். சேசிஸ் நம்பர் மேல் தடிமனாக அடித்துவிடாதீர்கள், எஃப்சியில் பென்சில் தேய்த்து அச்சு எடுக்க எழுத்து தெரிய வேண்டும்.

வேப்பலோடை வண்டி:
நாலு நாள் வேலை. கூலி இல்லாததால் 4,300-இல் முடிந்தது. ஒரே கவலை: இடதுபக்கப் பின் ஹேங்கருக்குப் பக்கத்தில், கிராஸ் மெம்பர் மூலையில் ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. அங்கேயும் பிரைமர் அடித்துவிடட்டுமா?

பட்டறைக்காரன்:
வேண்டாம் அண்ணாச்சி. அங்கே பெயின்ட்டுக்கு வேலை இல்லை. சேசிஸ் வேலை தெரிந்த பட்டறையில் காட்டி, அந்த மெம்பரை மாற்றுங்கள். வெல்டிங் வைத்தால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அதுவரை லோடு ஏற்றாதீர்கள்.