மின்ட் போட்ட பிறகு டி டிரைவ், கடிகாரம், தமிழ்99 மூன்றிலும் சிக்கல் – உதவி தேவை

மன்னைவாசி:

வணக்கம். அப்பாவின் மடிக்கணினி ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்காது. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனமில்லை. அதனால் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, கூடவே லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவும் வேலை சுலபமாக முடிந்தது. தொல்லையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டி டிரைவில் இருக்கிற கோப்புகளை மின்ட்டில் திறந்து படிக்க முடிகிறது. திருத்திச் சேமிக்கப் போனால் 'படிக்க மட்டும்' என்று மறுக்கிறது. மின்ட்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கிறது.

பெரிய கவலை தமிழ்தான். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர். கீபோர்டு அமைப்பில் 'தமிழ்நெட் 99' என்று இருந்ததைச் சேர்த்தேன். மகரத்தை இரண்டு முறை தட்டினால் 'ம்ம' வர வேண்டும், 'மம' என்று வருகிறது. இது போதாதென்று, எங்கள் பக்கத்து வேளாண் சொற்களை அவர் பல வருடமாகத் தொகுத்த கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. அவை டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியவை. "எல்லாம் போச்சாப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். எதை முதலில் சரி செய்வது?

குறில்நெடில்:

கோப்புகள் எதுவும் போகவில்லை. இதை இப்போதே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் இன்றைய பொதுமுறைதான் யூனிகோடு. பாமினி அதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்தக் கோப்புக்குள் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கும். பாமினி இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் நீங்கள் பார்த்த அந்த ஐந்து குறிகள். புதிய மின்ட்டில் பாமினி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் பாமினி கோப்பு இருக்கும். அதை மின்ட்டுக்கு நகலெடுத்து, இரட்டைச் சொடுக்கு செய்தால் 'நிறுவு' பொத்தான் வரும். நிறுவிவிட்டு லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள். தமிழ் தெரிந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து வையுங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும். அதில் தமிழில் தேட முடியாது என்பது மட்டும்தான் குறை.

காவிரிமணல்:

டி டிரைவுக்குக் காரணம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் 8-ல் வந்த வசதி. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது, டிரைவ்களைப் பற்றிய குறிப்பும் அதில் இருக்கிறது. அந்த நேரத்தில் வேறொரு இயங்குதளம் டி டிரைவில் எழுதினால், விண்டோஸ் விழித்ததும் பழைய குறிப்பை நம்பிக்கொண்டு மேலேயே எழுதும். கோப்புகள் சிதையும். மின்ட் உங்கள் அப்பாவின் கோப்புகளைக் காப்பாற்றத்தான் எழுத மறுக்கிறது. கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் கட்டளைகள் இணையத்தில் கிடைக்கும், தயவுசெய்து தொடாதீர்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்' என்ற பக்கத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே அமைப்புகளை மாற்றும் இணைப்பு ஒன்று இருக்கும், அதை முதலில் அழுத்த வேண்டும். அப்புறம் ஷட்டவுன் செய்து மின்ட்டுக்கு வாருங்கள்.

இன்னொன்று. கணினி தொடங்கும்போது நடக்கும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்புச் சோதனையை பயாஸில் அணைக்க யாராவது சொன்னால் உடனே செய்துவிடாதீர்கள். விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இல்லாமல் தரவை இழந்தவர்கள் உண்டு.

ஒற்றைஇயங்குதளம்:

எதற்கு இரண்டு? விண்டோஸை அழித்துவிட்டு மின்ட் மட்டும் வைத்துக்கொண்டால் டிரைவ் தொல்லையும் இல்லை, கடிகாரத் தொல்லையும் இல்லை.

மன்னைவாசி:

பிரிண்டருக்கு விண்டோஸில் மட்டும்தான் டிரைவர் கிடைக்கிறது அண்ணா. கொஞ்ச காலத்துக்கு வேண்டும்.

காவிரிமணல்:

வைத்துக்கொள்ளட்டும். தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஒரு வயதானவரின் உழைப்பு இருக்கிற வட்டில், வெளி டிரைவில் ஒரு நகல் எடுக்காமல் எதையும் அழிக்கச் சொல்வது சரியில்லை.

கடிகாரம் சின்ன வேலை. கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு இடைவெளி ஐந்தரை மணி. டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளைக்கு 'செட் லோக்கல் ஆர்டிசி' என்ற தேர்வை 1 என்று கொடுங்கள். ஒரு எச்சரிக்கை காட்டும். இரண்டு இயங்குதளம் இருக்கிற வீட்டுக் கணினியில் அதனால் பாதகமில்லை.

குறில்நெடில்:

இனி தமிழ்99. நீங்கள் சேர்த்தது வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்க்க அதற்குத் தெரியாது. ஆனால் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்ற தமிழ்99-ன் உயிரே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ந-வுக்குப் பின் த தட்டினால் 'ந்த' ஆகிவிடும். இதில் பழகிய விரல்களைப் புள்ளிக்குத் தனியாக விசை தேட வைத்தால் எழுதவே தோன்றாது. உங்கள் அப்பாவின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

முதலில் அந்தத் தமிழ்நெட் 99 அமைப்பை நீக்குங்கள், இரண்டும் இருந்தால் மோதும். சாப்ட்வேர் மேனேஜரில், முன்னால் வந்த எழுத்தையும் பார்த்து வேலை செய்யும் 'ஐபஸ் எம்17என்' என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் 'உள்ளீட்டு முறை' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழே 'தமிழ்99' இருக்கும், சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் போட்ட விசை) ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.

மன்னைவாசி:

டி டிரைவில் எழுத முடிகிறது. கடிகாரம் சரி. தமிழ்99 அப்பாவுக்குப் பழகினபடியே வருகிறது, இன்று மதியம் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ரொம்ப நன்றி.

பாமினியை நிறுவி எல்லாவற்றையும் பிடிஎஃப் எடுத்துவிட்டேன். இப்போது கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பார்க்கிறோம். தமிழ் சரியாக வருகிறது, ஆனால் நெல் ரகப் பெயர்கள் கெடுகின்றன. 'ஏடிடி 43' ஆங்கில எழுத்தில் இருந்தது, மாற்றியதும் 'யுனுவு 43' ஆகிவிட்டது. இப்படி நிறைய ரகப் பெயர்கள் இருக்கின்றன.

குறில்நெடில்:

யூனிகோடுக்கு மாற்றும் நிரலுக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. எல்லா எழுத்தையும் தமிழாக எடுத்துக்கொள்கிறது. எண்களை மட்டும் தொடாது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோப்பின் நகலில், மாற்றுவதற்கு முன்பு, ஆங்கிலத்தில் இருக்கிற ரகப் பெயர் ஒவ்வொன்றையும் வேறெங்கும் வராத ஓர் எண்ணாக மாற்றுங்கள். ஏடிடிக்கு 77001, சிஆருக்கு 77002 என்று வைத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸின் 'தேடி மாற்று' பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம். பாமினி அல்லாத எழுத்துருவைக் கொடுத்தால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் அகப்படும், பாமினியில் இருக்கிற அதே குறிகள் தப்பித்தவறி மாறாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு எண்களைத் திரும்பப் பெயர்களாக்குங்கள்.

கோப்பு நிறைய இருந்தால் 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நிரல்தொகுப்பு மொத்தமாகவே மாற்றித் தரும், அதில் பாமினிக்கும் வழி இருக்கிறது. மாற்றி முடித்ததும் பிடிஎஃப் பிரதியைப் பக்கத்தில் வைத்து அப்பாவையே ஒருமுறை ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வட்டாரச் சொல்லில் பிழை வந்தால் அவருக்குத்தான் தெரியும்.