மகனின் முழங்கால் வலி: வளர்ச்சி வலியா, எலும்புப் புற்றுநோயின் அறிகுறியா?

கேள்வி:
பதினான்கு வயதான என் மகன் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறான். ஆறு வாரங்களுக்கு முன் பயிற்சியில் விழுந்ததிலிருந்து வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலிக்கிறது என்கிறான். முதலில் ஆடும்போது மட்டும் இருந்த வலி இப்போது இரவில் தூக்கத்தையும் கலைக்கிறது. தொட்டுப் பார்த்தால் அவ்விடம் சற்று வீங்கிக் கெட்டியாகத் தெரிகிறது. வளரும் பிள்ளைக்குக் கால் குடைவது இயல்புதான் என்று என் மாமியார் தினமும் எண்ணெய் தடவி நீவிவிடுகிறார். என் கணவரின் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு இடுப்பெலும்பில் குருத்தெலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவருக்கோ இரண்டு ஆண்டுகளாக மந்தமான வலி மட்டுமே இருந்தது. இந்நோய் ஒவ்வொருவரிடமும் இப்படி வெவ்வேறாகத்தான் வெளிப்படுமா? குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பதால் என் மகனுக்கும் வருமா?

பதில் 1 (எலும்பு மருத்துவர்):
சகோதரி, முதலில் இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளர்ச்சி வலி பெரும்பாலும் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வந்து, விடிந்ததும் சுவடில்லாமல் போய்விடும். வீக்கமோ நொண்டலோ இருக்காது. ஒரே காலில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த வயதில் முழங்கால் வலிக்கு வேறு காரணங்களே மிகுதி என்றாலும், ஆஸ்டியோசர்கோமா என்ற புற்றுநோய் வேகமாக வளரும் எலும்பு முனைகளில், அதாவது தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தோளருகே கை எலும்பிலும்தான் அதிகம் தோன்றுகிறது.

விழுந்ததால் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் விழுந்த நினைவு, வலிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதாக நம்மை ஏமாற்றிவிடும். கனடாவின் இளம் கூடைப்பந்து ஆட்டக்காரர் டெர்ரி ஃபாக்ஸ், 1976 நவம்பரில் நேர்ந்த கார் விபத்தே தம் முழங்கால் வலிக்குக் காரணம் என்று எண்ணி, கூடைப்பந்துப் பருவம் முடியும்வரை பொறுத்திருந்தார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்து, 18 வயதில் வலது காலை இழந்தார்.

பதில் 2 (ஒரு தாய்):
என் மகளுக்கு வந்தது யூவிங் சர்கோமா என்ற வேறொரு வகை எலும்புப் புற்றுநோய். தொடை எலும்பின் நடுப்பகுதியில் வலியோடும் வீக்கத்தோடும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் வந்தது, எடை குறைந்தது. எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்று கருதி மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஏனெனில் அந்த நோய் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். இடுப்பெலும்பிலும் விலா எலும்பிலும்கூட அது வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அம்மா.

பதில் 3 (புற்றுநோய் மருத்துவர்):
உங்கள் மைத்துனருக்கு வந்த காண்ட்ரோசர்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்றுநோய், நாற்பது வயதைக் கடந்தவர்களிடமே மிகுதி. இடுப்பு, தோள், தொடையின் மேற்பகுதி ஆகியவற்றில் மெதுவாக வளர்வதால் மாதக்கணக்கில் மந்தமான வலி மட்டுமே இருக்கும். அதன் பெரும்பாலான வகைகளுக்குக் கீமோதெரபி பயன் தராததால் அறுவை சிகிச்சையே முதன்மையானது. ஆகவே அவருடைய அனுபவத்தை வைத்து உங்கள் மகனின் வலியை அளக்க வேண்டாம். எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. குழந்தைப் பருவக் கண் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவின் பரம்பரை வகை போன்ற சில அரிய மரபுக் கோளாறுகளே விதிவிலக்கு.

தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாக இருந்துவிடக்கூடும். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். கட்டி என்று சந்தேகம் எழுந்தால், திசு எடுக்கும் பயாப்ஸியை அறுவை சிகிச்சை செய்யப்போகும் மையத்திலேயே செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஊசி சென்ற பாதையையும் பிறகு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். தவறான இடத்தில் எடுத்த பயாப்ஸி, காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே இழக்கச் செய்யலாம். காரணம் தெரியாத வீக்கத்தை நீவுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நாளைக் காலையிலேயே எக்ஸ்ரேவுக்கு அழைத்துச் செல்கிறோம். மாமியாரிடமும் எடுத்துச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போட்டி இருப்பதால் அதுவரை பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில் 1 (எலும்பு மருத்துவர்):
அனுப்ப வேண்டாம். கட்டியால் எலும்பு பலமிழந்திருந்தால் சிறு தடுக்கலிலேயே முறிந்துவிடக்கூடும். எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓட்டமும் தாவலும் கூடாது.