மறு: மறு: ‘ரீகாஸ்ட்’ – மறுவார்ப்பா, வாங்கிச் சொல்லலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் பதில் தாமதம். அதற்குள், ‘ரீகாஸ்ட்’ (recast) என்ற பேச்சுப் பயிற்சிச் சொல்லுக்குத் தமிழாக ‘மறுவார்ப்பு’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் ஏறிவிடும் முன் என் வழக்கையும் கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. குழந்தை “அம்மா கடை போனாங்க” என்கிறது. நாம் உடனே, பேச்சோடு பேச்சாக, “ஆமா, அம்மா கடைக்குப் போனாங்க” என்கிறோம். குழந்தை சொல்ல வந்ததை மாற்றாமல், விட்டுப்போன உருபை (இங்கே ‘-க்கு’) மட்டும் வைத்துச் சொல்கிறோம். “எங்கே, நீ சொல்லு” என்று கேட்பதில்லை. பேச்சு-மொழிப் பயிற்சியில் ரீகாஸ்ட் என்பது இதுதான். வீட்டில் அம்மாக்கள் தாமாகவே செய்வதுதான் இது. ரோஜர் பிரவுனும் உர்சுலா பெலூகியும் 1964இல் வெளியிட்ட கட்டுரையில், ஆடம், ஈவ் என்ற இரு குழந்தைகளின் அம்மாக்கள் பிள்ளைகள் சொன்னதில் சுமார் 30 சதவீதத்தை இப்படி நிரப்பிச் சொன்னார்கள் என்று கணக்குக் காட்டினார்கள். பேச்சுப் பயிற்சி தரும் நாங்கள் செய்வதெல்லாம், எந்த இலக்கணக் கூறு வரவில்லையோ அதைக் குறிவைத்து, ஒரே அமர்வில் பல தடவை காதில் விழவைப்பது.

> காஸ்ட் என்றால் வார்ப்பு, ரீ என்றால் மறு. நேரான ஆக்கம்தானே?

நேரானதுதான் ஐயா. கொல்லுத் தொழிலில் பேர்போன கோத்தர்களின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு உலோகச் சொல்லைக் குறை சொல்ல எனக்கும் தயக்கம்தான். ஆனால் வார்ப்பு என்றால் பழையதை உருக்க வேண்டும். குழந்தையின் வாக்கியத்தை இங்கே யாரும் உருக்குவதில்லை. அதோடு, கொழுந்து பறித்துவிட்டு ஈரப் படங்குச் சேலையோடு வரும் ஒரு அம்மாவிடம் “வீட்டில் தினமும் மறுவார்ப்பு செய்யுங்கள்” என்று நான் எப்படிச் சொல்வேன்?

> அப்படியானால் ‘திருத்திச் சொல்லல்’ போதுமே. யாருக்கும் புரியும்.

புரியும். அதுதான் ஆபத்து, சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். போன வருடம் நாலரை வயதுப் பையன் ஒருவன் வந்தான். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. இரண்டு சொல், மூன்று சொல் வாக்கியம் வரும். உருபு ஒன்றும் ஒட்டாது. அவன் அம்மாவிடம் நான்தான், வேறு சொல் கிடைக்காமல், “அவன் தப்பாச் சொன்னா நீங்க திருத்திச் சொல்லுங்க” என்றேன். அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். “கடை இல்லடா, கடைக்கு. சொல்லு. கடைக்கு.” இரண்டு வாரம் கழித்து வந்தபோது பையன் என் மேஜை மேலிருந்த பொம்மை ரயிலைக் கையில் எடுத்தான், என்னைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான். பழையபடி வாய் திறக்க ஒரு மாதம் ஆயிற்று. தப்பு அந்த அம்மாவுடையது அல்ல. நான் கொடுத்த சொல் அப்படி.

> நன்னூலில் எழுவகை மதத்தில் ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ இருக்கிறது. மேற்கொண்டு களைதல் என்று வைக்கலாமா?

பேராசிரியர் ஐயா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மதம் என்றால் இங்கே கொள்கை; பிறர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு நீக்குவது. பாதி அப்படியே பொருந்துகிறது. ஆனால் களைதல் மறுப்பில் போய் முடிகிறது. நாங்கள் மறுப்பதேயில்லை, “ஆமா” என்றுதான் தொடங்குகிறோம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அது என் சொல்லும் அல்ல. அதே பையனை அடுத்த தடவை கூட்டிவந்தது பாட்டி. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். இந்த முறை நான் விளக்கம் கொடுக்கவில்லை, செய்து காட்டினேன். பையன் “ரயில் மலை போகுது” என்றான். “ஆமா, ரயில் மலைக்குப் போகுது” என்றேன். நாலைந்து தடவை பார்த்துவிட்டுப் பாட்டி கேட்டார்: “கும்மியில ஒருத்தி பாடுறத நாங்க வாங்கிப் பாடுவோமே டீச்சரம்மா, அந்த மாதிரி இவன் சொல்றத வாங்கிச் சொல்லணும், அவ்வளவுதானே?”

அவ்வளவேதான். கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் சங்கதியை வாங்கி வாசிக்கிறார் என்கிறோம். பாடியவரைத் திருத்தியதாக யாரும் நினைப்பதில்லை.

ஆகவே ‘வாங்கிச் சொல்லல்’. கும்மியில் கேட்டதை அப்படியே பாடுவார்கள், இங்கே சிறு மாற்றம் உண்டு என்ற ஆட்சேபம் வரும். அதற்கு இலக்கியமே துணை: வாங்குதல் என்றால் வளைத்தல் என்றும் பொருள், வாங்குவில் என்பது வளைந்த வில். இன்னோர் அன்பர் தனிமடலில், “பேச்சு வாங்குவது என்றால் திட்டு வாங்குவது ஆயிற்றே” என்று சிரித்திருக்கிறார். என் அறையில் அது நடப்பதும் உண்டு, பெரும்பாலும் எனக்கு.

சொல்லை விட, எதை வாங்குவது எதை விடுவது என்பதுதான் எங்களுக்குச் சிக்கல். தமிழில் இரண்டு இடம் வழுக்கும். ஒன்று, தன்மை முன்னிலை. பையன் “நான் பசிக்குது” என்றால் “எனக்குப் பசிக்குது” என்று நான் சொன்னால் பசி என்னுடையதாகிவிடும். “உனக்குப் பசிக்குதா? எனக்கும் பசிக்குது” என்று சுற்றி வர வேண்டும். இரண்டு, எது பிழை என்பது. “அக்கா வந்துச்சு” என்பது பல வீடுகளில் பெரியவர்களே பேசுவது. அதை ‘வந்தாள்’ என்று வாங்கிச் சொன்னால் நான் இலக்கணம் கற்பிக்கவில்லை, அவர்கள் வீட்டுத் தமிழைத் திருத்துகிறேன். “பால் குடிச்சேன்” என்பதிலும் ஐ உருபு தேவையில்லை. “பூனை அடிச்சேன்” என்றால்தான் தேவை. ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) வரும் படுகர் குழந்தை பாலை ‘ஹாலு’ என்றால் அது வீட்டு மொழி, கோளாறே அல்ல. அதை வாங்கவே கூடாது.

கூடலூர்த் தோழி சொல் கேட்ட மற்ற இரண்டு பயிற்சிகளும்: புதுச் செய்தி சேர்ப்பதை (“ஆமா, அம்மா கடைக்குப் போனாங்க, முட்டை வாங்க”) ‘கூட்டிச் சொல்லல்’ எனலாம். இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் பயிற்சிக்கு ‘வாக்கியம் கோத்தல்’. இணைப்பு என்றால் ‘மற்றும்’ போட்டு ஒட்டத் தோன்றுகிறது. தமிழ்க் குழந்தைக்கு வேண்டியது “வந்து சாப்பிட்டான்” என்ற எச்சம். இதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் நல்லது.

பெற்றோருக்கான ஒரு பக்கத் தாளை மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதில் வாங்கிச் சொல்லல் என்றே போட உத்தேசம். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், பையனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: “எனக்கு வேணும்” வந்துவிட்டது. “நான் பசிக்குது” இன்னும் போகவில்லை.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து