புதுப்பிப்பு: எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) கைவிளக்கின் நீலக் கண்ணாடி

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய ரயில்வே கைவிளக்கில், பச்சைக்கு மாறாக நீலம் கலந்த கண்ணாடி இருப்பதால் அது பின்னாளில் மாற்றப்பட்டதோ என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அது அசல் கண்ணாடிதான் என்றே இப்போது கருதுகிறேன். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளி நீலம் தோய்ந்த கண்ணாடியைக் கடக்கும்போதுதான் தெளிந்த பச்சையாகத் தெரியும் என்பதால், அக்காலச் சைகை விளக்குகளில் இத்தகைய கண்ணாடியையே பொருத்தினார்கள். நேற்றிரவு வீட்டின் உள்முற்றமான வளவில் மின்விளக்குகளை அணைத்துவிட்டுத் திரியை ஏற்றினோம். தூண்களின் மேல் விழுந்த அந்தப் பச்சையை அப்பச்சி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெருகேற்றச் சொன்ன நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். தென்னிந்திய ரயில்வே 1951-இல் பிற ரயில்வேக்களுடன் இணைந்து தென்னக ரயில்வே ஆவதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும் எழுத்துப்பொறிப்பு தேய்ந்துவிடும் என்பதால், துருவை மட்டும் மென்தூரிகையால் நீக்கி, எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.