யானையும் பி53 மரபணுவும்: டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பது யார்?

வளவன்: யானைக்குப் புற்றுநோய் ஏன் குறைவு என்று ஒரு காணொளி. "டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பி53 மரபணு மனிதனுக்கு ஒன்று, யானைக்கு 20" என்று அடித்துவிடுகிறார் பேசுபவர். கேட்டதிலிருந்து எரிச்சல். அந்த மரபணு தரும் பி53 புரதம் எதையும் பழுதுபார்ப்பதில்லை. டிஎன்ஏ சேதமடைந்தால் அது செல் பிரிவதை நிறுத்தும். சேதம் மிஞ்சிப்போனால் செல்லைச் சாகடிக்கும். அவ்வளவுதான்.

மதிவதனி: பிரிவதை எதற்கு நிறுத்துகிறது? பழுதுபார்க்க நேரம் கிடைக்கத்தானே? அவர் சொன்னதில் என்ன தப்பு?

வளவன்: நேரம் வாங்கித் தருவது வேறு, வேலையைச் செய்வது வேறு. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் தானாகச் சிதைந்து, டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசில் ஆகிவிட்டால் அதை வெட்டி எடுப்பது கிளைகோசிலேஸ் நொதி. இடைவெளியை நிரப்புவது பாலிமரேஸ். இழையை ஒட்டுவது லைகேஸ். இதில் பி53 எங்கே வருகிறது, காட்டுங்கள்.

செழியன்78: எக்ஸ்பிசி, டிடிபி2 மரபணுக்களை முடுக்கிவிடுவது யார்? பி53தான். புற ஊதாக் கதிரால் வரும் சேதத்தைக் கண்டுபிடிப்பவை அவை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு ஊருக்கு வகுப்பெடுக்காதீர்கள் தம்பி.

வளவன்: தம்பி என்று கூப்பிட்டால் வாதம் வலுத்துவிடாது. முடுக்கிவிடுவது பழுதுபார்ப்பது ஆகாது. டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கான 2015 வேதியியல் நோபல் லிண்டால், மாட்ரிச், சங்கார் மூவருக்கு. அவர்கள் விளக்கிய மூன்று பழுதுபார்ப்பு வழிகளில் எதிலாவது வெட்டுவதோ ஒட்டுவதோ பி53 செய்கிறதா?

செழியன்78: நோபலை மூவருக்கு மேல் பிரிக்க மாட்டார்கள். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் முறிந்தால் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ2 புரதம் அந்தப் பரிசில் இல்லை. அதுவும் பழுதுபார்ப்பு இல்லையா? முன்பு டெலோமியர் (குரோமோசோம் முனை) பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

வளவன்: ஓடவில்லை. நீங்கள் ஆளைத் திட்ட ஆரம்பித்ததால் நிறுத்தினேன்.

மதிவதனி: யானையை விட்டுவிட்டீர்களே?

வளவன்: யானைதான் என் சான்று. கதிரியக்கம் பட்டதும் யானைச் செல்கள் மனிதச் செல்களைவிட அதிகமாகச் செத்தன. பி53 செய்தது அதைத்தான்.

இளவேனில்: அந்த 20இல் 19 பின்னாளில் உருவான நகல்கள். எல்லாமே புரதம் தருவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுகிறீர்கள்.

வளவன்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

செழியன்78: எக்ஸ்பிசிக்குப் பதில் இன்னும் வரவில்லை.

வளவன்: சொல்லியாயிற்று. ஆணையிடுவது பி53, வேலை செய்வது வேறு புரதங்கள். பிஆர்சிஏ2 பற்றித் தனியாக எழுதப்போகிறேன், அங்கே வாருங்கள்.

செழியன்78: வருகிறேன். அங்கேயும் இதையேதான் கேட்பேன்.