14-லிருந்து 44: டெட்ராய்ட்டின் ஏற்றம் அடுத்த சீசனிலும் நிற்குமா?

காளைக்கொம்பன் (2025 மே 26)
என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ப்ளே-ஆஃபில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் நியூயார்க் நிக்ஸிடம் தோற்ற தொடர் பற்றிய இழையில் மோட்டார்சிட்டி மணி நேற்று எழுதியது இது: "இனி ஐந்து வருடத்துக்குக் கிழக்குப் பிரிவில் டெட்ராய்ட் ராஜ்ஜியம்தான். சிகாகோ ரசிகர்கள் வழக்கம்போல ப்ளே-இன் பார்த்துக்கொண்டிருக்கலாம்." (ப்ளே-இன் என்பது ப்ளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம்.) சிகாகோ ரசிகனான நான் அங்கேயே பதில் எழுதினால் இழை திசைமாறும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

ஒரே ஒரு சீசன் ஒழுங்காக ஆடியதற்கு ராஜ்ஜியமா? 2023-24இல் பிஸ்டன்ஸ் 14 வெற்றி, 68 தோல்வி. அதில் தொடர்ச்சியாக 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் அவ்வளவு நீளமாகத் தோற்ற அணி என்பிஏ வரலாற்றிலேயே இல்லை. இந்த சீசனில் 44-38. சரி, பெரிய தாவல்தான். அந்த 44 எங்கிருந்து வந்தது? மலிக் பீஸ்லி 319 மூன்று-புள்ளி (தூரத்திலிருந்து எறிந்து போடும் கூடை) போட்டார். லீக்கில் அவருக்கு மேலே இருந்தவர் ஆன்டனி எட்வர்ட்ஸ் ஒருவர்தான், அவரும் 320. பீஸ்லியின் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, 6 மில்லியன் டாலர். அடுத்த மாதம் முடிகிறது. 319 போனால் 44-உம் போகும்.

மோட்டார்சிட்டி மணி
தனி இழை திறக்கும் அளவுக்கு எரிகிறது என்றால் நான் சொன்னது சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது.

319, 319 என்கிறீர்கள். பீஸ்லிக்குப் பந்து யார் கையிலிருந்து வந்தது? கேட் கன்னிங்ஹாம். ஆட்டத்துக்கு 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்யும் பாஸ்), 6.1 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது). முதல் முறையாக ஆல்-ஸ்டார், இப்போது ஆல்-என்பிஏ (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்) மூன்றாம் அணி. கேட்டை மறிக்க இரண்டு பேர் ஓடுவதால்தான் பீஸ்லி காலியாக நிற்கிறார். கேட்டுக்கு வயது 23. 2024 ஜூலையிலேயே ஐந்து வருட ஒப்பந்தம் போட்டாயிற்று. ஷூட்டர் மாறலாம், பந்து கொடுக்கிறவன் மாற மாட்டான்.

காளைக்கொம்பன்
பீஸ்லி 82 ஆட்டமும் ஆடினார். கேட் 70 ஆட்டம். மீதி 12 ஆட்டத்தில் பீஸ்லிக்குப் பந்து கொடுத்தது யார், அரங்கத்தின் வாயில்காப்போனா?

ஷூட்டர் மாறலாம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். வருடத்துக்கு 319 போடுகிற ஆள் கடையில் கிடைக்கிறாரா? ஸ்டெஃபன் கரி, ஹார்டன், கிளே தாம்ப்சன், இந்த வருடம் எட்வர்ட்ஸ், பீஸ்லி. என்பிஏ தொடங்கியதிலிருந்து ஒரு சீசனில் 300 தாண்டியவர்கள் இவ்வளவு பேர்தான். அதில் ஒருவர் உங்கள் பெஞ்சிலிருந்து 6 மில்லியனுக்கு ஆடினார். இது அடுத்த வருடமும் நடக்கும் என்று நம்புவதற்குப் பெயர் திட்டமா?

இன்னொன்று. ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு, சம்பள உச்சவரம்பைத் தாண்டிக் கொடுப்பதானால் 20 சதவீதம்தான் கூட்டலாம். 6 மில்லியன் 7.2 ஆகும், அவ்வளவுதான். சிக்ஸ்த் மேன் (சிறந்த மாற்று வீரர்) விருதில் இரண்டாவதாக வந்தவர் 7.2-க்குக் கையெழுத்துப் போடுவாரா? வேறு வழியில் கொடுக்கலாம்தான், அதற்கு வேறெங்கோ கை வைக்க வேண்டும். டிம் ஹார்டவே ஜூனியர் ஒப்பந்தமும் முடிகிறது. ஷ்ரோடர் ஒப்பந்தமும் முடிகிறது. அனுபவசாலிகள் வந்துதான் அணி திருந்தியது என்று சீசன் முழுக்க எழுதியது நீங்கள்தான், மணி. அவர்களில் நிச்சயமாக மிஞ்சப்போவது 32 வயது டோபியாஸ் ஹாரிஸ்.

வெறும்பார்வை
புதியவன், ஒரு கேள்வி. 'நிற்கும்' என்று எதைச் சொல்கிறீர்கள்? மறுபடி 44 வெற்றியா, ப்ளே-ஆஃபுக்குள் நுழைவதா, ஒரு தொடரை ஜெயிப்பதா? அதை முதலில் முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும்.

மோட்டார்சிட்டி மணி
கொம்பன் அண்ணே, ஜேடன் ஐவி என்று ஒருவர் இருப்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள். 30 ஆட்டத்தில் சராசரி 17.6 புள்ளி, மூன்று-புள்ளியில் 40.9 சதவீதம். ஜனவரி 1 அன்று ஆர்லாண்டோவுக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்தது. அவர் இல்லாமலேயே ஆறாம் இடம் பிடித்தோம். அவர் திரும்பி வரும்போது உங்கள் 319-இல் பாதி தானாக நிரம்பும். ஜேலன் டூரனுக்கு 21 வயது, ஆஸர் தாம்ப்சனுக்கு 22. இந்த வயதில் அணிகள் மேலே போகும், கீழே அல்ல.

பீஸ்லிக்கு ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் அடித்த மாதிரி எழுதுவதும் தவறு. அதற்கு முந்தைய வருடம் மில்வாக்கியில் 41.3 சதவீதம், எங்களிடம் 41.6. அவர் ஆட்டமே அதுதான்.

காளைக்கொம்பன்
அதைத்தான் நானும் சொல்கிறேன்! அவர் உண்மையிலேயே அவ்வளவு நல்ல ஷூட்டர், அதனால்தான் போய்விட்டால் ஈடுகட்ட முடியாது. என் வாதத்தை நீங்களே எழுதித் தருகிறீர்கள்.

கேவ்ஸ் கிட்டு
பீஸ்லியை விடுங்கள், பயிற்சியாளரைப் பாருங்கள். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2020-21இல் அவர் பயிற்சியில் எங்கள் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் 22 வெற்றி. அடுத்த வருடம் 44-38. ஆமாம், அச்சாக இதே 44-38. அப்புறம் 51, அப்புறம் 48, அப்புறம் வேலை போனது. கென்னி அட்கின்சன் வந்து கிட்டத்தட்ட அதே ஆட்களை வைத்து 64 ஜெயித்தார், சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். கீழே கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்த ஜே.பி. நல்லவர். அதற்கு மேல் படி ஏற்ற அவருக்கு வராது.

மோட்டார்சிட்டி மணி
கிட்டு, ஜே.பி. கடைசியாக உங்களிடம் இருந்தபோது இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் 4-1. இந்த வருடம் 64 வெற்றியோடு போய் இரண்டாம் சுற்றில் இந்தியானாவிடம் 4-1. எந்தப் படியில் ஏறினீர்கள் என்று சொல்லுங்கள், நாங்களும் ஏறிப் பார்க்கிறோம்.

கேவ்ஸ் கிட்டு
அந்தத் தொடரில் கார்லண்ட், மோப்லி, மிட்செல் எல்லோருக்கும் காயம். தெரியாதவர் மாதிரி பேச வேண்டாம்.

காளைக்கொம்பன்
கிட்டு சொன்ன 22, 44, 51 கணக்கில் ஒன்று விட்டுப்போனது. 44 தானாக 51 ஆகவில்லை, நடுவில் டொனோவன் மிட்செலை வாங்கினார்கள். டெட்ராய்ட் யாரை வாங்கப்போகிறது? இருக்கிற 319-ஐயே பிடித்து வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

'இளம் அணி மேலேதான் போகும்' என்பது எல்லா ஊரிலும் பாடுகிற பாட்டு. சேக்ரமென்டோ 2021-22இல் 30 வெற்றி, அடுத்த வருடம் 48. பதினாறு வருடம் கழித்து ப்ளே-ஆஃப். ஊரே ஊதா விளக்கு ஏற்றிக் கொண்டாடியது. அதற்கு அடுத்தது 46, இந்த வருடம் 40. பயிற்சியாளர் மைக் பிரவுன் டிசம்பரில் போனார், பிப்ரவரியில் நட்சத்திர வீரர் ஃபாக்ஸையும் விற்றுவிட்டார்கள். அட்லாண்டா 38-லிருந்து 60-க்குப் போனது, பிறகு 48, 43, 24. திடீரென்று ஏறிய அணியை அடுத்த வருடம் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். டெட்ராய்ட்டை இந்த வருடம் பாதி சீசன் வரை யாரும் பொருட்படுத்தவே இல்லை.

மோட்டார்சிட்டி மணி
சேக்ரமென்டோ பற்றி நீங்கள் பேசலாமா? லவீனை அங்கே அனுப்பியது உங்கள் சிகாகோதானே? உங்கள் கணக்கு 40-42, 39-43, 39-43. மூன்று வருடம், மூன்று ப்ளே-இன், மூன்றிலும் மியாமியிடம் தோற்று வெளியேற்றம். இந்த வருடக் கடைசி 20 ஆட்டத்தில் 15 ஜெயித்ததும் 'கிடி வந்துவிட்டார், புது சிகாகோ பிறந்துவிட்டது' என்று இதே தளத்தில் மூன்று பக்கம் எழுதியது யார்? அப்புறம் சொந்த ஊரில் மியாமியிடம் 109-90. உங்கள் 20 ஆட்டம் நிற்கும், எங்கள் 82 ஆட்டம் நிற்காது. நல்ல நியாயம்.

காளைக்கொம்பன்
தலைப்பு சிகாகோ இல்லை.

ஆனால் சிகாகோவை இழுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். திடீர் ஏற்றம் எப்படி முடியும் என்று இந்தத் தளத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது எங்களுக்குத்தான். 2009-10இல் 41 வெற்றி. பயிற்சியாளராகத் திபடோ வந்தார், அடுத்த வருடம் 62. டெரிக் ரோஸ் 22 வயதில் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்). அவரைவிட இளையவர் யாரும் இன்றுவரை அதை வாங்கியதில்லை. மியாமியிடம் தோற்றபோதும் எங்களுக்குக் கவலை இல்லை, இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்று நினைத்தோம். அடுத்த சீசனிலும் 50-16, கிழக்கில் முதலிடம். 2012 ஏப்ரல் 28, பிலடெல்பியாவோடு முதல் ஆட்டம். 12 புள்ளி முன்னிலை, ஒரு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. ரோஸ் உள்ளே புகுந்து எழும்பினார், இடது முழங்கால் போய்விட்டது. எட்டாம் இடத்து அணியிடம் தொடரை இழந்தோம். அதற்கு அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. அந்த அணி அதற்குப் பிறகு இறுதிப்போட்டி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

எங்களிடம் இருந்தது எம்விபி, லீக்கிலேயே சிறந்த தடுப்பாட்டம், 62 வெற்றி. அதுவே நிற்கவில்லை. உங்களிடம் இருப்பது 44 வெற்றியும் ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த 319-உம். ராஜ்ஜியம் என்ற பேச்சு எனக்கு ஏன் கோபம் வரவைக்கிறது என்று இப்போதாவது புரியட்டும்.

மோட்டார்சிட்டி மணி
ரோஸுக்கு நடந்தது எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் 'எங்கள் ஆளுக்குக் கால் போனது, அதனால் உங்கள் அணியும் விழும்' என்பது வாதமா, சாபமா? 14-லிருந்து 44, அதாவது மூன்று மடங்குக்கு மேல். முந்தைய வருட வெற்றிகளை அப்படிப் பெருக்கிய அணி வேறு எது, காட்டுங்கள். ஒரு பீஸ்லியால் அது முடியும் என்றால் அவரை வைத்திருந்த மற்ற அணிகளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன?

இந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். 88, 89, 90. வரிசையாக மூன்று வருடம் ஜோர்டனை வீட்டுக்கு அனுப்பியது டெட்ராய்ட்.

காளைக்கொம்பன்
91-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? 4-0. நான்காவது ஆட்டத்தில் 7.9 வினாடி பாக்கி இருக்கும்போதே ஐசையா தாமஸும் கூட்டமும் கைகொடுக்காமல் எங்கள் பெஞ்சைத் தாண்டி நடந்து போனார்கள். தோல்வியை ஏற்கத் தெரியாத அணிக்கு ஜெயித்ததையும் அளவோடு பேசத் தெரியவில்லை.

மோட்டார்சிட்டி மணி
88-இல் பாஸ்டன் வீரர்களும் எங்களுக்குக் கைகொடுக்காமல்தான் போனார்கள். அதை யாரும் முப்பது வருடம் தூக்கிக்கொண்டு திரியவில்லை. 2007-இல் உங்களை 4-2 என்று அனுப்பிவைத்தோம், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கார்டன் கண்ணன்
இரண்டு பேரும் 1991-இலேயே இருங்கள். இந்த மாதம் முதல் தேதி ஆறாவது ஆட்டத்தில் எங்கள் நிக்ஸின் ப்ரன்சன் 4.3 வினாடி இருக்கும்போது போட்ட மூன்று-புள்ளியை இங்கே யாருமே பேசவில்லை. 116-113. கடைசி வாய்ப்பில் பந்து போனது யாரிடம்? பீஸ்லியிடம். கையில் நிற்காமல் வெளியே போனது.

காளைக்கொம்பன்
நன்றி கண்ணன். 319-உம் ப்ளே-ஆஃபில் எதற்கு உதவியது என்று பாருங்கள்.

மோட்டார்சிட்டி மணி
ஒரு நிமிடம். 319 இல்லாவிட்டால் அணியே இல்லை என்றீர்கள். இப்போது அதே 319-ஆல் பயனில்லை என்கிறீர்கள். எது?

கண்ணன், நான்காவது ஆட்டத்தை ஏன் பேசவில்லை? 94-93. கடைசி வினாடியில் ஹார்டவே எறியும்போது நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் மேலே விழுந்தார். ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்ததும் நடுவரே ஒப்புக்கொண்டார். மூன்று ஃப்ரீ த்ரோ, தொடர் 2-2 ஆகியிருக்கும்.

கார்டன் கண்ணன்
ஆகியிருக்கும், ஆகியிருக்கும். மூன்று ஃப்ரீ த்ரோவில் இரண்டு போட்டிருக்க வேண்டுமே? சொந்த ஊரில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. 2008-க்குப் பிறகு டெட்ராய்ட் ரசிகர்கள் தங்கள் ஊரில் ஒரு ப்ளே-ஆஃப் வெற்றியைக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஊரிலிருந்து ராஜ்ஜியப் பேச்சு.

மோட்டார்சிட்டி மணி
உங்கள் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தோமே, அது கணக்கில் வராதா?

வெறும்பார்வை
இன்னும் 'நிற்கும்' என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

காளைக்கொம்பன்
மணி, சுற்றி வளைக்க வேண்டாம். அடுத்த சீசனில் அந்த 319-ஐப் போடப்போவது யார்? பெயர் சொல்லுங்கள். ஐவி என்றால் முறிந்த காலோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர் என்று நானும் எழுதுவேன்.

மோட்டார்சிட்டி மணி
பெயர் சொல்கிறேன். அதற்கு முன்னால், நான்காவது ஆட்டத்தில் ஃபவுலா இல்லையா என்று கண்ணன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லட்டும்.